கையில் ஒரு சென்டாவோ: கிழக்குத் திமோர் சில்லறை பற்றிச் சில கேள்விகள்

தென்கிழக்கு ஆசியத் தீவு நாடான கிழக்குத் திமோரின் ஒரு சென்டாவோ நாணயத்தை நண்பர்களிடம் காட்டியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மாமா கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவர் கொண்டுவந்த சில்லறையில் சென்டாவோ என்று இருக்கிறது. ஆனால் அங்கே புழங்குவது அமெரிக்க டாலர் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் தம்பி. நோட்டு அமெரிக்காவுடையது, சில்லறை அவர்களுடையது. போர்த்துக்கீசியர் காலத்தில் அங்கே எஸ்குடோ என்ற பணம் இருந்தது. 1975 டிசம்பரில் இந்தோனேசியப் படை நுழைந்தபின் ரூபியா வந்தது. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் மக்கள் விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே ஐ.நா. நிர்வாகம் டாலரை அதிகாரபூர்வப் பணமாக்கியது. 2002 மே 20-இல் நாடு விடுதலை பெற்றது. 2003 நவம்பரில் சென்டாவோ வந்தது. 100 சென்டாவோ ஒரு டாலர். போர்த்துக்கீசில் சென்டாவோ என்றால் நூறில் ஒரு பங்கு.

கேள்வி: நோட்டை இரவல் வாங்கியவர்கள் சில்லறையையும் அமெரிக்காவிடமே வாங்கியிருக்கலாமே?

பதில்: சில்லறை கனமான சரக்கு. ஒரு பெட்டி நோட்டில் அடங்கும் பணத்துக்குச் சில்லறை வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். கடையில் சில்லறை இல்லாவிட்டால் பத்து சென்ட் பொருளுக்கும் கால் டாலர் விலை சொல்வார்கள், அது ஏழையின் தலையில்தான் விடியும்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க 'டைம்' நாணயத்தை எடுத்துப் பாருங்கள். 10 என்ற எண்ணே அதில் கிடையாது, 'ஒன் டைம்' என்று ஆங்கில எழுத்து மட்டும்தான். அதன் மதிப்பு பத்து சென்ட், ஆனால் ஐந்து சென்ட் நாணயத்தைவிடச் சின்னது! ஆங்கிலம் அறியாத ஒரு சந்தைக்காரம்மா இதை எப்படிக் கணக்குப் பார்ப்பார்? சென்டாவோவில் எண் பளிச்சென்று இருக்கும். 2003-இல் வந்த ஐந்து வகைக் காசுகளில் மதிப்பு ஏற ஏற அளவும் ஏறும். இதை யோசித்துச் செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி: ஒரு சென்டாவோவில் இருப்பது நத்தையா?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அது நாட்டிலஸ், கணவாய்க்கு உறவுக்காரன், சுருள் ஓட்டுக்குள் வாழும் கடல் உயிரி. காசின் விட்டம் 17 மில்லிமீட்டர்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டின் சுருள் உள்நோக்கிப் போவது அழகாகத் தெரியும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் இது நிக்கல் பூசிய எஃகு.

ஐந்தில் நெற்கதிர், பத்தில் சேவல், இருபத்தைந்தில் பாய்மரப் படகு, ஐம்பதில் காப்பிச் செடி. சேவல் சண்டை அங்கே ஊருக்கு ஊர் உண்டு, காப்பி அவர்களின் முக்கிய ஏற்றுமதிப் பயிர். தலைவர்களின் முகம் எதுவும் இல்லாமல் வயலையும் கடலையும் இந்த ஐந்து காசுகளில் வைத்திருக்கிறார்கள். அச்சடித்ததென்னவோ லிஸ்பனில்தான். ஆனாலும் ஒரு திமோர்க்காரர் அன்றாடம் தொடும் பணத்தில் தன் நாட்டின் பெயரைப் பார்ப்பது இந்தக் காசில்தான். என்னிடம் இருப்பவற்றில் இதை எனக்கு ரொம்பப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

கேள்வி: வேறு நாடுகளிலும் இப்படி உண்டா ஐயா?

பதில்: ஈக்வடோர் 2000-இல் தன் பணமான சுக்ரேயைக் கைவிட்டு, 25,000 சுக்ரேக்கு ஒரு டாலர் என்று மாறியது. அவர்களுடைய சென்டாவோக்கள் அமெரிக்க நாணயங்களின் அளவிலேயே இருக்கும்.

பனாமா இதில் எல்லோருக்கும் மூத்தது, 1904 முதலே இந்த ஏற்பாடு. அவர்களுடைய பணமான பல்போவா டாலருக்குச் சமம், ஆனால் காசாக மட்டுமே கிடைக்கும். அந்த 1904-இல் வந்த இரண்டரை சென்டேசிமோ (சென்டேசிமோ என்றால் பல்போவாவில் நூறில் ஒரு பங்கு) வெள்ளிக் காசு வெறும் 10 மில்லிமீட்டர், ஒன்றேகால் கிராம். மாத்திரை மாதிரி இருப்பதால் சேகரிப்பாளர்கள் அதைப் 'பனாமா மாத்திரை' என்றே சொல்கிறார்கள். உள்ளங்கையில் வைத்து மூச்சை இழுத்துவிடக்கூடப் பயமாக இருக்கும்.

கேள்வி: சென்டாவோவை அமெரிக்காவில் செலவழிக்க முடியுமா?

பதில்: முடியாது. திமோருக்குள் மட்டும்தான் செல்லும்.

கேள்வி: ஒரு வியாபாரி ஒரு சென்டாவோவுக்கு 500 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. புழக்கத்தில் இருந்த ஒரு சென்டாவோ அரிய காசு அல்ல. கொஞ்சம் பொறுங்கள், ஐந்து வகைக் காசும் சேர்ந்த தொகுப்பாகவே நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

கேள்வி: என் ஒரு சென்டாவோ காசில் கறுப்பு படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். புளி பித்தளைக் குடத்துக்குச் சரி. இதில் நிக்கல் மேல்பூச்சுதான், அது கீறிவிட்டால் உள்ளே இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். தண்ணீரில் மெதுவாக அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்தபின் காகித உறையில் போட்டு வையுங்கள். மிச்சக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். டிலி சந்தையில் எத்தனையோ கை மாறி வந்த காசு அது.