பறப்பதற்கு யார் பணம் கொடுத்தது?

கேள்வி: டாடாவின் விமான அஞ்சல் சேவைக்கு ஆங்கிலேய அரசு மானியம் கொடுத்தது என்கிறார் நண்பர், மறுத்தது என்று படித்ததாக எனக்கு நினைவு. எது சரி? இந்தியர்கள் விமானம் ஓட்டக் கற்கவாவது அந்த அரசு செலவிட்டதா?
– திருச்சி வாசகர்

பதில்: உங்கள் நினைவே சரி. ஜே.ஆர்.டி. டாடாவும் அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்ட்சென்ட்டும் முதலில் மானியம் கேட்டுத்தான் திட்டம் கொடுத்தார்கள். அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலுக்கு உரிய கட்டணம் மட்டும் போதும் என்று அவர்கள் இறங்கிவந்த பிறகே 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த அக்டோபர் 15 அன்று டாடா கராச்சியிலிருந்து சிறிய புஸ் மாத் விமானத்தில் கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் தகரங்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. பம்பாயில் இறங்கிய ஜூஹு திடலோ மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும் என்பதால், அந்த மாதங்களில் சேவையைப் பூனாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. முதல் பயணத்தில் பம்பாயிலிருந்து சென்னை வரை தபாலைக் கொண்டுவந்தவர் வின்ட்சென்ட். இதே காலத்தில் லண்டன் அரசு தன் நாட்டு விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸுக்கு 1924 முதல் பத்து ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் பவுண்டு மானியம் ஒதுக்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பணமில்லை என்ற சாக்கு எடுபடாது.

பயிற்சி விஷயத்தில் கை சற்றுத் தாராளமாகவே இருந்தது. 1927இல் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை ஏற்பட்டதைத் தொடர்ந்து டெல்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா, பின்னர் சென்னை ஆகிய நகரங்களில் தோன்றிய பறக்கும் கழகங்கள் அரசு மானியத்தில்தான் காலூன்றின. 1929 பிப்ரவரி 10 அன்று டாடா பெற்ற முதலாம் எண் விமானி உரிமமும் பம்பாய்க் கழகத்தில் கற்றதன் பலன்தான். ஆனால் மானியம் போக உறுப்பினர் கட்ட வேண்டிய கட்டணமே நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால், வெள்ளைக்காரர்கள், சமஸ்தானத்துப் பிள்ளைகள், பெரு வணிகர் வீட்டு வாரிசுகள் ஆகியோருக்கே அது பெரிதும் பயன்பட்டது என்பது என் கணிப்பு.

இராணுவத்தில் கஞ்சத்தனம் இன்னும் வெளிப்படை. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி உருவானாலும், அதன் முதல் அதிகாரிகள் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குப் போய்த்தான் பயின்றார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டபோதுகூட அப்படையில் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு). விமானிகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, தன்னார்வ ரிசர்வ் படையினருக்கு ஆரம்பப் பயிற்சி தர அரசு நாடியது அதே பறக்கும் கழகங்களைத்தான்.