மார்க்கப் பார்சருக்கு டெஸ்ட் கேஸ்களைத் தானாக உருவாக்குவது எப்படி? கையால் எழுதிய 300 போதாதா?

அந்தப் ‘போதாதா’வுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் டீம் லீட் அப்படிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். என்னிடமும் கேட்டார்கள்.

சென்னைப் பெருங்குடியில் ஒரு கம்பெனி. பள்ளிப் பாடங்களை இணையத்தில் ஏற்றுகிற வேலை. ஆசிரியர்கள் அடிக்க வசதியாகச் சொந்தமாக ஒரு மார்க்கப் வைத்திருந்தோம்: தடித்த எழுத்துக்கு நட்சத்திரக் குறி, சாய்வுக்கு அடிக்கோடு, தலைப்புக்கு வரியின் தொடக்கத்தில் ஹேஷ். இணையத்தில் பலரும் பயன்படுத்தும் மார்க்டவுன் குறிமுறை கிட்டத்தட்ட இதுதான். இந்தக் குறிகளைப் படித்து வலைப்பக்கமாக மாற்றுகிற நிரல்தான் பார்சர். எங்களுடையது பைத்தானில். கையால் எழுதிய டெஸ்ட் 340, பாதிக்கு மேல் நான் எழுதியவை, எல்லாம் பச்சை, அதாவது பாஸ். என்ன, எடுத்துக்காட்டுகள் எல்லாம் ‘ஹலோ வேர்ல்ட்’ வகை. தமிழ் பேருக்கு நாலைந்து.

தானாக உருவாக்கலாம் என்று இறங்கியபோது எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். கண்டபடி எழுத்துகளைக் கொட்டினேன். 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர், புயலடித்த ஓர் இரவில் தொலைபேசி இணைப்பின் இரைச்சல் குப்பை எழுத்துகளாக நுழைந்து யூனிக்ஸ் கருவிகளைக் கவிழ்ப்பதைப் பார்த்தார். கண்டபடி உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் முறைக்கு ஃபஸ்ஸிங் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். மாணவர்களை வைத்துச் சோதித்தபோது கால்வாசிக் கருவிகளாவது படுத்தன. எங்கள் பார்சரும் படுக்கும் என்று எதிர்பார்த்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். படுக்கவில்லை. இந்த வகை மார்க்கப்பில் தப்பான உள்ளீடு என்று ஒன்றே கிடையாது. புரியாததை எல்லாம் ‘பத்தி’ என்று வெளியே தள்ளிவிடும். காலையில் லட்சக்கணக்கான பத்திகள் மிச்சம்.

அப்புறம்தான் தலைகீழாக யோசித்தேன். உரையை அல்ல, முதலில் மரத்தை, அதாவது எதற்குள் எது என்ற அமைப்பை, உருவாக்க வேண்டும். ஒரு தலைப்பு, கீழே இரண்டு பத்தி, ஒன்றில் தடித்த சொல், அதற்குள் சாய்வு. அதை மார்க்கப்பாக எழுதிப் பார்சரிடம் கொடுத்தால் அதே மரம் திரும்பி வரவேண்டும். விடைத்தாளை எழுதிவிட்டு வினாத்தாள் எடுப்பது போல. புதிய யோசனை ஒன்றும் இல்லை. இலக்கணத்திலிருந்து வாக்கியங்களை உருவாக்கிப் பார்சரைச் சோதிப்பது பற்றிப் பால் பர்டம் 1972-லேயே எழுதியிருக்கிறார்.

உள்ளீடு உருவாக்குவது லேசு. வந்த வெளியீடு சரியா என்று யார் சொல்வது? அதுதான் வேலை. மரம் கையில் இல்லாத இடங்களில் பார்சரிடம் சில்லறைக் கேள்விகள் கேட்டேன். உள்ளே போன எழுத்து ஏதாவது தொலைந்ததா? வெளியீட்டில் திறந்த டேக் (குறிச்சொல்) எல்லாம் மூடியதா? 50,000 திறப்பு அடைப்புக்குறிகளை வரிசையாகக் கொடுத்தால் எவ்வளவு நேரம் எடுக்கிறது? (எங்களுடையது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.) சொடுக்கினால் தலைப்புக்குக் கொண்டுபோகும் இணைப்பு முகவரி, வெவ்வேறு தலைப்புகளுக்கு வெவ்வேறாக வருகிறதா?

கடைசிக் கேள்வியில்தான் மாட்டியது. ஹைப்பாதிசிஸ் என்ற பைத்தான் லைப்ரரி, டெஸ்டில் தோற்றுப்போன உள்ளீட்டைச் சுருக்கிச் சுருக்கி மிகச் சிறியதாக்கித் தரும். நான் கொடுத்திருந்தது உயிர்மெய் எழுத்துகளின் பட்டியல். சுருக்கி அது காட்டியது இரண்டே தலைப்பு: ‘க’, ‘கா’. இரண்டுக்கும் ஒரே முகவரி.

முகவரி செய்கிற வரியில், எழுத்து அல்லாததை நீக்க யாரோ ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) என்ற குறியை நம்பியிருந்தார்கள். பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸில் அது எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைத்தான் ஏற்கும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் சேர்க்கைக் குறிகள், ‘எழுத்து’ இல்லை. ஆகவே ‘கா’வின் காலை ஒடித்து ‘க’ ஆக்கியிருந்தது. ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘படம்’ என்று சொடுக்கினால் ‘பாடம்’ தலைப்புக்குப் போகும். இரண்டுமே உள்ளே ‘படம’. ஓர் ஆசிரியை இதையே மூன்று மாதமாகப் புகார் செய்திருந்தார். கேஷை அழித்துப் பாருங்கள் என்று பதில் போட்டு மூடியது நாங்கள்தான். நானும் ஒன்றை மூடியிருக்கிறேன்.

சரி செய்யும்போது இன்னொன்றும் கிளம்பியது. ‘கொ’வின் ஒகரத்தை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் ஒன்று, உள்ளே வேறு. இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்த பிறகே அடங்கியது.

‘ரெஜெக்ஸை ஒழுங்காக எழுதியிருந்தால் இதெல்லாம் எதற்கு’ என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: எழுதியிருக்கலாம், எழுதவில்லையே. கையால் எழுதியதைத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. உங்களுடையது மார்க்டவுன் குடும்பம் என்றால் அதை முறைப்படுத்திய காமன்மார்க் வரையறையில் 600-க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் உள்ளீடும் வெளியீடுமாக இருக்கின்றன. முதலில் அவற்றை ஓட்டுங்கள்.

இதைக் காட்டியபோது லீட் கேட்டது: “ரேண்டமா எதையோ குடுத்துட்டு டெஸ்ட்னு சொல்றியே, கிளையண்ட் கேட்டா எந்த டெஸ்ட்டைக் காட்டுவே?” அப்ரைசல் எக்ஸெலில் இதற்காக என் பெயரில் ஏறிய டெஸ்ட் கணக்கு ஏழு. உள்ளீடுகளை உருவாக்கும் ஜெனரேட்டர் எத்தனை ஆயிரம் ஓட்டினாலும் டெஸ்ட் ஃபங்ஷன் ஏழுதானே. பக்கத்து சீட்டில் ஒரே டெஸ்டைக் காப்பியடித்து எண்ணை மட்டும் மாற்றியவருக்கு 120. போதாததற்கு ‘தாமத வருகை’ என்று ஒரு மெயில். மெட்ரோவுக்காக ஓஎம்ஆர் சாலை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த சமயம். திருவான்மியூரிலிருந்து பெருங்குடி வர முக்கால் மணி நேரம். ராத்திரி ஒரு மணி வரை லாக் பார்த்தது அந்த ஸ்வைப் மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதை விடுங்கள்.

உங்களுக்கு ஒரு தந்திரம்: ஜெனரேட்டர் பிடித்த ஒவ்வொரு சுருங்கிய உள்ளீட்டையும் தனி டெஸ்டாக எழுதி வையுங்கள். அதே பக் திரும்பி வந்தால் உடனே தெரியும், எக்ஸெலுக்கும் எண்ணிக்கை கிடைக்கும். உங்கள் உள்ளடக்கம் எந்த மொழி என்று கேள்வியில் இல்லை. தமிழ் என்றால், வேறு எதையும் தொடங்கும் முன் ஒரே பக்கத்தில் ‘படம்’, ‘பாடம்’ என்று இரண்டு தலைப்புப் போட்டுச் சொடுக்கிப் பாருங்கள்.