அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? முதியோர் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. ஆயுள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சீனி வியாதியும் பிரஷரும் உண்டு. நாங்கள் கொழும்பில் வேலை செய்வதால் நுவரெலியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பத்து நாளாகிறது. சாப்பாட்டைத் தொடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லையாம். போனில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அழுகிறார். பழகும்வரை வராதீர்கள் என்கிறார்கள். போகாமல் இருப்பதுதான் நல்லதா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: போங்கள். அதற்கு முன் இன்றே இல்லத்துக்கு போன் போட்டு, சீனிக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல் உள்ளே போக, சாப்பாடு மட்டும் போகாவிட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே 1990 அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும். மருந்தளவைக் குறைப்பதா என்பதை வைத்தியரிடம் அன்றே கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்து தண்ணீர். இதை வெறும் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போனதும் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். குந்தி உட்கார்ந்தே பழகியவருக்குக் கொமட்டில் உட்காரப் பயம். இரவில் யாரையாவது எழுப்ப வேண்டுமே என்ற கூச்சம் வேறு. அதனால் போகாமலிருக்கக் குடிக்காமலிருப்பார். விளைவு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும். நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். கைபிடியை எட்டிப் பிடிக்கட்டும், முழங்காலின் பின்பக்கம் கொமட்டில் பட்ட பிறகு மெதுவாக உட்காரட்டும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். பதியாவிட்டால் தாழ்ந்த கொமட் உள்ள அறையைக் கேளுங்கள். பகலில் மூன்று நான்கு தடவை உங்களோடு போய் வந்தால் பயம் பாதி போய்விடும். தண்ணீரின் பெரும்பங்கைப் பின்னேரத்துக்குள் கொடுக்கச் சொல்லுங்கள். இருதய, சிறுநீரக நோய் உள்ளவர் என்றால் அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

இரவுக் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா? தெரியாவிட்டால் ஒரு அட்டையில் படம் வரைந்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கட்டிலருகே தொங்கவிடுங்கள். குவளைப் படத்துக்குக் கீழே 'தண்ணீர் – வத்துர', வயிற்றைப் பிடித்த ஆளுக்குக் கீழே 'வலிக்குது – ரிதெனவா', கம்பளிக்குக் கீழே 'குளிருது – ஹீத்தலய்'. கழிப்பறைக்கும் ஒன்று. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் விரலால் காட்டுவார்.

சாப்பாட்டில் நேரம்தான் பெரும்பாலும் பிரச்சினை. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போய்ப் பழகிய உடம்பு விடியற்காலை நாலரைக்கே விழித்துவிடும். இல்லத்தில் தேத்தண்ணி ஆறரைக்கு என்றால் அந்த இரண்டு மணி நேரமும் வெறும் வயிறும் நினைப்பும்தான். ஒரு பிளாஸ்கில் சீனி போடாத சாயத்தண்ணி இரவே வைக்க முடியுமா என்று கேளுங்கள். தட்டு நிறையச் சோறு வைத்தால் பார்த்ததுமே வெறுக்கும். அரை ரொட்டியும் கொஞ்சம் சம்பலும் என்று ஐந்து தடவையாகப் பிரித்துக் கொடுக்கட்டும்.

எப்படிப் போய் வருவது? முதல் ஒரு மாதம் அடிக்கடி, ஆனால் சிறிது நேரம். வாரத்தில் இரண்டு தடவை முக்கால் மணி நேரம், மாதத்தில் ஒருநாள் முழுக்க இருப்பதைவிடப் பலன் தரும். கொழும்பிலிருந்து அது முடியாதென்றால் பக்கத்தில் இருக்கும் சின்னம்மாவோ அத்தையோ முறை வைத்துப் போகட்டும். மாலை மங்கும் நேரம் வேண்டாம். அப்போதுதான் வீட்டு நினைப்பு அதிகம். பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன் போய், தட்டு வந்ததும் விடைபெறுங்கள். சொல்லாமல் நழுவாதீர்கள். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றும் சொல்லாதீர்கள், அவர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். "வெள்ளிக்கிழமை வருவேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே போய் நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏக்கம் மெல்ல வரும். ஓரிரு நாளில் ஆள் தெரியாமல் பேசுவதும், பகலெல்லாம் தூங்குவதும் ஏக்கமல்ல, நோய். காய்ச்சல் இல்லாமலே சிறுநீர்த் தொற்று இப்படிக் காட்டும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் அப்பாவைச் சேர்க்கிறோம். என்னென்ன கொடுத்து அனுப்புவது?
– வாசகர், பண்டாரவளை

பதில்: உடுப்பு ஏழு செட். மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்களில் துவைத்தது காய மூன்று நாளாகும். பெயரைப் பேனாவால் எழுதினால் சில சலவையிலேயே மங்கிவிடும். நாடாவில் நூலால் தைத்துக் கொடுங்கள். ஸ்வெட்டர் முன்னால் பொத்தான் உள்ளதாக இருக்கட்டும். பின்வார் உள்ள செருப்பு வேண்டும், வெறும் கம்பளிச் சாக்ஸ் டைல்ஸ் தரையில் வழுக்கும். சுடுதண்ணீர்ப் பை கொடுக்கவே வேண்டாம். சீனி வியாதியால் பாதம் மரத்திருந்தால் வெந்தது தெரியாமலே புண்ணாகிவிடும்.

கட்டிலை வீட்டில் கிடந்த மாதிரியே போடச் சொல்லுங்கள். தோட்டக் குடியிருப்பான லயத்து அறையில் சுவர் இடப்பக்கம் இருந்தால் இங்கேயும் இடப்பக்கம். இரவில் தூக்கக் கலக்கத்தில் கால் பழகிய பக்கமே இறங்கும். அங்கே சுவர் இருந்தால் தடுமாறி விழுவார்.

கிளினிக் கொப்பி, இரண்டு வார மருந்து, அடையாள அட்டையின் பிரதி கட்டாயம். நகை, வங்கிப் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும். எதிலும் கைநாட்டு வைக்கும் முன் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: அண்ணன் அம்மாவின் செலவில் பங்கு தர மறுக்கிறார். வழி உண்டா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு அதற்கான சபையில் விண்ணப்பிக்கலாம். இது அம்மாவின் உரிமை என்பதால் முதலில் அவரிடம் பேசுங்கள். அவர் சம்மதித்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மாதச் செலவின் பற்றுச்சீட்டுகளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.