மின்ரம்பத்தோடு வெக்கூமை இணைத்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தவர்களில் பலருக்குக் கார் நிறுத்தும் முன்கூடமே தச்சுப் பட்டறையாகிவிட்டது. லயத்தின் பின்புற வெட்டவெளியில் பறந்து போன மரத்தூள், இங்கே பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் போய் உட்காருகிறது. அதனால்தானோ என்னவோ, மின்ரம்பத்தோடு வெக்கூமை, அதாவது தூசி உறிஞ்சும் கருவியை, இணைப்பது பற்றிய கேள்விகளே இம்முறை மிகுதியாக வந்துள்ளன. ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 185 மில்லிமீட்டர் வட்ட ரம்பம் இருக்கிறது. அதில் தூள் வெளியேற ஒரு வாய் உண்டு. புதிதாக வாங்கிய வெக்கூமின் ஹோஸ் அதில் பொருந்தவில்லை. கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: தூள் வாயின் அளவுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவு எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ரம்பங்களிலேயே வாய் வேறுபடும். எனவே கடைக்குப் போகும் முன், ரம்பத்து வாயின் உள்விட்டம், வெளிவிட்டம், ஹோஸ் முனையின் உள்விட்டம், வெளிவிட்டம் ஆகிய நான்கையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து தாளில் குறித்துக்கொள்ளுங்கள். '32 மில்லிமீட்டர் ஹோஸ்' என்று அட்டையில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஹோஸின் உள்விட்டமே தவிர, முனையின் அளவு அன்று.

படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் ரப்பர் இணைப்புத் துண்டுகள் விற்கின்றன. வேண்டிய படியில் கத்தியால் நறுக்கிக்கொண்டால் பெரும்பாலான ரம்பங்களுக்குப் போதும். அது கிடைக்காவிட்டால், ஒரு சாண் நீளத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, இரு முனையிலும் மாட்டி, ஹோஸ் கிளிப்பால் இறுக்குவது எளிய வழி. பி.வி.சி. குழாய்த் துண்டின் முனையைக் கொதிநீரில் முக்கி இளக்கி, ரம்பத்து வாயின் அளவுக்கு விரித்துக்கொள்ளவும் முடியும். நெருப்பில் மட்டும் காட்ட வேண்டாம், கருகும் பி.வி.சி.யின் புகை மூச்சுக்குக் கெடுதல். இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான் என்றால் மாஸ்கிங் டேப்பைச் சில சுற்றுச் சுற்றினாலே போதும்.

இணைக்கும்போது பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. காற்று வரும் பக்கத்துக் குழாய், காற்று போகும் பக்கத்துக் குழாயின் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். மாறி நுழைந்தால் உள்ளே எழும் விளிம்பில் நீண்ட செதில்கள் சிக்கி, அவற்றின் மேல் தூள் அடைந்து, அரை மணி நேரத்தில் வழியே மூடிக்கொள்ளும். அதுபோலவே, ஹோஸை எவ்வளவு தூரம் அகலமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு தூரம் அகலமாகவே கொண்டுவந்து, ரம்பத்தின் அருகில் மட்டும் சிறுக்க வேண்டும். தொடக்கத்திலேயே சிறுத்தால் முழு நீளத்திலும் காற்றோட்டம் குறையும்.

எல்லாம் மாட்டியபின், மின்பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ரம்பத்தின் கீழ்க்காப்பு மூடியைக் கையால் முழுவதும் திறந்து விட்டுப் பாருங்கள். அது எங்கும் உரசாமல் தானே மூடிக்கொள்ள வேண்டும். ஹோஸோ டியூபோ அதைத் தடுத்தால், எவ்வளவு தூள் சேர்ந்தாலும் அந்த இணைப்பு வேண்டாம். ஹோஸையும் மின்கம்பியையும் இரண்டு மூன்று இடங்களில் சேர்த்துக் கட்டி, கூரைச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டால் பலகையின் ஓரத்தில் மாட்டி ரம்பத்தைப் பின்னுக்கு இழுக்காது. வெட்டின் நடுவே அப்படி இழுபட்டால் பல் மரத்தைக் கவ்வி ரம்பம் எகிறும்.

கேள்வி: ரம்பமும் வெக்கூமும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடுகின்றன. பத்து நிமிடத்தில் பிளக் சூடேறுகிறது. ஃபியூஸ் போகவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்கிறார் என் மைத்துனர். சரியா?

பதில்: கணக்கு மட்டும் பார்த்தால் உங்கள் மைத்துனர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ரம்பம் 1,400 வாட், வெக்கூம் 1,200 வாட் என்று கொள்வோம். மொத்தம் 2,600 வாட். நம் நாட்டு 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 11.3 ஆம்பியர். பிளக்கில் உள்ள ஃபியூஸ் 13 ஆம்பியர். ஆனால் ஃபியூஸ் காவல் காப்பது மிகை மின்னோட்டத்துக்குத்தான். தளர்ந்த தொடர்பில் எழும் சூட்டை அது அறியாது. பிளக் கையில் பிடிக்க முடியாத அளவு சூடானாலோ, சாக்கெட்டின் துளைகள் பழுப்பேறியிருந்தாலோ, உள்ளே தகடு தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் சிரிம் தரச்சான்று முத்திரை உள்ளதாகவும், கம்பியின் குறுக்களவு 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாததாகவும், தேவைக்கு மேல் நீளமில்லாததாகவும் பாருங்கள். உருளையில் சுற்றி வரும் வகையென்றால் முழுவதையும் அவிழ்த்துவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியின்றி உறை இளகும். எல்லாவற்றிலும் மேல், இரண்டு கருவிகளையும் இரண்டு சுவர் சாக்கெட்டுகளில் தனித்தனியே மாட்டுவதே. முன்கூடத்துச் சாக்கெட்டுக்கு 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்பதையும் மின்பணியாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், மழைச்சாரல் அடிக்கும் இடமல்லவா?

ரம்பத்தை அழுத்தியதும் வெக்கூம் தானே ஓடத் தொடங்கும் வகை பற்றியும் இருவர் கேட்டுள்ளனர். அதில் ரம்பத்தை வெக்கூமின் மேலுள்ள சாக்கெட்டில் மாட்டுகிறோம். ரம்பம் நின்ற பிறகும் சில நொடிகள் வெக்கூம் ஓடி, ஹோஸில் தங்கிய தூளை இழுத்துக்கொள்ளும். வசதியான ஏற்பாடு. ஆனால் அந்தச் சாக்கெட் எத்தனை வாட் வரை தாங்கும் என்று அதன் அருகிலேயே அச்சிட்டிருக்கும். ரம்பம் அதற்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: வீட்டுக்குச் சாமி மேடை செய்கிறேன். சட்டங்களைச் சாய்வாக வெட்டும் மைட்டர் ரம்பத்தில் வெக்கூமை மாட்டியும் பாதித் தூள் வெளியேதான் பறக்கிறது. இன்னும் சக்தி வாய்ந்த வெக்கூம் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் வெக்கூமில் குறையில்லை. வட்ட ரம்பத்தில் பல் மேல்நோக்கி அறுத்துத் தூளை மேல்மூடிக்குள் கொண்டுபோகிறது, அங்கேயே வாயும் இருக்கிறது. மைட்டர் ரம்பத்தில் தூள் பின்பக்கமாக விசிறப்படுகிறது. கோணத்தை மாற்றும்போது விசிறும் திசையும் மாறுகிறது. ரம்பத்தின் சிறிய வாய் அதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். வாட் எவ்வளவு என்று கேட்பதை விட, தூள் எந்த இடத்தில் பல்லை விட்டுப் பிரிகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

மைட்டர் ரம்பத்தின் பின்னால், இரு பக்கமும் மேலும் அடைத்த ஒரு கூண்டு செய்யுங்கள். ஒட்டுப்பலகையும் தடித்த துணியும் போதும். தலை முழுச் சாய்வுக்குப் போய்வர இடம் விட்டு, அடிப்பலகையைப் பின்னோக்கிச் சரிவாக வைத்து, அந்தச் சரிவின் கடைசியில் இரண்டாவது ஹோஸை வையுங்கள். ரம்பத்து வாயில் சேராத தூள் கூண்டில் மோதி விழுந்து அங்கே ஒதுங்கும். ரம்பத்தின் தூள் வாயில் உள்ள ரப்பர் நாக்குக் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். அந்தச் சிறு துண்டு செய்யும் வேலை அதிகம்.

மேசை ரம்பம் வைத்திருப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் அடிப்பெட்டியில் 100 மில்லிமீட்டர் வாய் இருந்தால், அது தூசி சேகரிப்பு இயந்திரத்துக்காக வைக்கப்பட்டது. அந்த இயந்திரம் குறைந்த உறிஞ்சு விசையில் மிகுந்த காற்றை நகர்த்துகிறது. வெக்கூம் மிகுந்த விசையில் குறைந்த காற்றை நகர்த்துகிறது. 100 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு, 32 மில்லிமீட்டர் குழாயின் பரப்பைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. வெக்கூமின் காற்று அவ்வளவு பெரிய வாயில் வேகமிழந்துவிடும். வெக்கூம்தான் உண்டு என்றால், அடிப்பெட்டியின் தேவையற்ற திறப்புகளை அடைத்து, பல்லைச் சுற்றிய உட்காப்புக்கு நேராக ஹோஸைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஃபில்டர் விரைவில் அடைத்துக்கொள்கிறது. வாளியை இடையில் வைத்தால் தீரும் என்கிறார்களே?

பதில்: தீரும் என்பதில் பெரும்பகுதி உண்மை. மூடியில் சுழல் பிரிப்பான் பொருத்திய வாளியை ரம்பத்துக்கும் வெக்கூமுக்கும் நடுவே வைத்தால், காற்று சுழன்று, கனமான தூளும் செதிலும் வாளியில் இறங்கும். மிக நுண்ணிய தூசி மட்டும் ஃபில்டருக்குப் போகும். மெல்லிய சாயவாளி, ஹோஸ் அடைத்த கணத்தில் உள்ளே நசுங்கிவிடும், ஆகவே கட்டியான சுவருள்ள வாளியை எடுத்து மூடியைக் காற்றுப் புகாமல் அடையுங்கள். வாளி நிரம்பும்வரை விடாதீர்கள். பாதியைத் தாண்டியதும் பிரித்த தூளைச் சுழற்காற்றே மீண்டும் கிளப்பத் தொடங்கும்.

நுரையீரலுக்குப் போவது அந்த நுண்தூசிதான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கு, மூக்கையொட்டிய எலும்பறைகள் ஆகியவற்றில் அது புற்றுநோயை உண்டாக்குவதே அதற்குக் காரணம். ஆகவே சாதாரண ஃபில்டருக்குப் பதில் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வகையும், உள்ளே தூசிப் பையும் போடுங்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் எல் வகை வெக்கூம் நூற்றில் ஒரு பங்கு வரையும், எம் வகை 0.1 விழுக்காடு வரையும், ஹெச் வகை 0.005 விழுக்காடு வரையும் தூசியைக் கசியவிடலாம். மரத்துக்கு எம் வகை தகும். கழுவக்கூடிய ஃபில்டரைக் கழுவினால் முற்றிலும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். நம் ஊர் ஈரத்தில் அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட்டு மாட்டினால் தூள் களியாகி ஒட்டும். உதிரி ஃபில்டர் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

வெக்கூம் இருந்தாலும் என்95 முகக்கவசமும் காதடைப்பானும் வேண்டும். இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து எழுப்பும் ஓசை, நம் நாட்டுத் தொழிலிடச் சத்த விதிகள் வைத்திருக்கும் 85 டெசிபல் எல்லையை எளிதில் தாண்டும்.

கேள்வி: ஹோஸைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது. மின்கசிவா?

பதில்: பெரும்பாலும் நிலைமின்சாரம். உலர்ந்த தூள் பிளாஸ்டிக் ஹோஸில் உரசி ஓடுவதால் சேர்கிறது. ஏர்கான் ஓடும் அறையில் கூடுதலாகத் தெரியும். நிலைமின்சாரத்தைக் கடத்தும் ஹோஸ் வாங்கி, மண்ணிணைப்பு உள்ள வெக்கூமில் மாட்டினால் நின்றுவிடும். உலோகப் பகுதியைத் தொடும்போது ஒரே சுருக்காக இல்லாமல் தொடர்ந்து கூசினால் அது வேறு. கருவியை நிறுத்திப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். உண்மையான தீ அபாயம் ஆணி அறுபடும்போது பறக்கும் பொறியில் இருக்கிறது. பழைய பலகையின் ஆணிகளை எடுத்த பிறகே அறுங்கள்.

கேள்வி: பழைய லயத்து வீட்டைப் பிரித்த பலகைகளும் கூரைத் தகடுகளும் கிடைத்தன. வெக்கூமை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அறுக்கலாமா?

பதில்: பலகைகளை அறுக்கலாம், சாயம் பூசியவை தவிர, பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆனால் நெளிந்த சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடுகளைத் தொடாதீர்கள். பழைய தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. ரம்பம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும், சாதாரண வெக்கூம் அவற்றை உறிஞ்சிப் பின்பக்கமாக வீடு முழுவதும் ஊதிவிடும். உடைக்காமல், துளைக்காமல், நனைத்து மூடி வைத்துவிட்டு, அதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். புதிய சிமெண்டுப் பலகையை அறுப்பதிலும் படிக சிலிக்கா தூசி எழும். அதையும் சாதாரண வெக்கூமை மாட்டி அறுக்க வேண்டாம்.

மரங்களிலும் வேறுபாடு உண்டு. ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், அதன் தூளும் சிலருக்கு ஒவ்வாது. நியாத்தோ தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். ரப்பர் மரம் மாவுச்சத்து மிகுந்தது. வண்டு துளைக்காமலிருக்கப் போரான் உப்பில் ஊறவைத்தே விற்கிறார்கள்.

கேள்வி: சேரும் மரத்தூளைச் செடிகளுக்குப் போடலாமா?

பதில்: மருந்தேற்றாத முழு மரத்தின் தூளானால், நன்கு மக்க விட்ட பிறகு போடலாம். பச்சையாகப் போட்டால் மக்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டு செடி மஞ்சளிக்கும். ஒட்டுப்பலகை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., மெலமைன் பூச்சுப் பலகை, பச்சை நிறம் தட்டிய மருந்தேற்றிய கட்டை, மேலே சொன்ன ரப்பர் மரம் ஆகியவற்றின் தூளைத் தோட்டத்துக்கோ கோழிக்கூண்டுக்கோ கொண்டுபோகாமல் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும். எனவே இரண்டு வகை மரத்தையும் ஒரே நாளில் அறுக்கிறவர்கள் வாளியை நடுவே ஒருமுறை கொட்டிவிடுங்கள்.