ட்ரெட்மில்லில் நடந்தால் போதாதா, மரம் செடி உள்ள இடத்தில்தான் நடக்கணுமா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் என்றால் ட்ரெட்மில்லே போதும். வித்தியாசம் தலைக்குள்தான்.

2015-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ஒரு குழுவை மரங்கள் உள்ள புல்வெளிப் பாதையிலும், இன்னொன்றை வண்டிகள் பறக்கும் சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். பழைய விஷயத்தையே மனசில் போட்டு அரைப்பது முதல் குழுவுக்குத்தான் குறைந்தது. 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவலைப் பார்த்தபோது, வாரம் 120 நிமிடமாவது பசுமையில் கழித்தவர்கள் நலமாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரேயடியாகப் போனாலும் பிரித்துப் போனாலும் பலன் ஒன்றே. (நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.)

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஆபீஸ் கால் பேசிக்கொண்டே நடந்தால் மரம் கண்ணில் படாது.

பலர் முதல் வாரமே ஒரு மணி நேரம் நடந்து, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்போரம் வலி பிடித்து, அதோடு விட்டுவிடுகிறார்கள். எலும்பும் தசையும் பழகுவதற்குள் சுமை கூடுவதுதான் காரணம். 15 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். தேய்ந்த செருப்பு வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.