வாசகர் கேள்வி – பதில்: மூட்டை தூக்கும் வேலையும் மூத்த தொழிலாளர்களும்

கேள்வி: நான் ஒரு சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர். மூட்டை இறக்கும் பிரிவில் 55 வயதைக் கடந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் காவல் பணிக்கு அனுப்பிவிட நிர்வாகம் நினைக்கிறது. அவர்களுக்கோ அதில் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஆட்களை மாற்றுவதற்கு முன்னால் வேலையை மாற்றிப் பாருங்கள். வயது ஏற ஏறத் தசை வலிமை குறைவது உண்மைதான்; ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை என்பதால், ஒரு வயதைக் கோடாகக் கிழித்து அதற்கு மேற்பட்டவர்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் நகரிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலை 2007-இல் ஓர் உற்பத்திப் பிரிவில் சராசரி வயது 47 ஆகும்படி ஆட்களை அமர்த்தி, சிரமங்களையும் தீர்வுகளையும் அவர்களிடமே கேட்டது. மரத்தரை, இருக்கை, உருப்பெருக்கிக் கண்ணாடி என ஏறக்குறைய 70 சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. அங்கே நடந்தவற்றுள் மிக முக்கியமானது, அந்தக் கேட்டறிதல்தான்.

உங்கள் கிடங்கில் முதலில் மூட்டையின் எடையைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் கையால் தூக்குவதற்கு 23 கிலோவையே உச்ச அளவாகப் பரிந்துரைக்கிறது. குனிந்தோ, உடலைத் திருப்பியோ, அடிக்கடியோ தூக்கினால் அந்த அளவு இன்னும் குறையும். அப்படியானால் 50 கிலோ மூட்டை இளைஞனுக்கும் ஆகாது. சிறிய மூட்டைகளை வரவழையுங்கள். சரக்கைத் தரையில் அடுக்காமல், இடுப்பு உயரத்தில் எடுக்கும்படி மேடையோ உயர்த்தும் தள்ளுவண்டியோ அமைத்துக்கொடுங்கள். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மந்தமாக இருக்கும் என்பதால், வெப்பமான நாட்களில் தண்ணீருக்கென்று இடைவேளையை நேரம் குறித்தே விடுங்கள். காயம்பட்டால் அவர்கள் தேற அதிக நாள் ஆகும். அவசரப்பட்டுப் பழைய பளுவுக்கே திருப்பி அனுப்பாதீர்கள்.

கேள்வி: மூத்தவர்களுக்குச் சலுகை காட்டினால் இளையவர்கள் முணுமுணுக்க மாட்டார்களா?

பதில்: மூத்தவர்களுக்கு மட்டும் என்று கொடுத்தால் முணுமுணுப்பார்கள். தள்ளுவண்டியையும் மேடையையும் எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். 25 வயதில் முதுகைக் காத்துக்கொள்பவரே 55 வயதிலும் உங்களிடம் வேலை செய்வார். யாராவது தாமே விரும்பி இலகுவான பணிக்கு மாறினால், அதற்காக அவருடைய சம்பளத்தைக் குறைக்காதீர்கள்; குறைத்தால் வலியை மறைத்துக்கொண்டு மூட்டை தூக்குவார்கள்.