கோட்டை விட்டு இறங்கும் எழுத்து

அன்புள்ள ஐயா,

நான் கணக்கு டீச்சர். என் ஏழாம் வகுப்பில் ஒரு பையனுக்கு டைப் 1 சர்க்கரை; மூன்று வயதிலிருந்தே இன்சுலின் ஊசி. காலையில் கேள்வி முடிவதற்குள் விடை சொல்கிறவன், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில் மலங்க மலங்க விழிக்கிறான். சோம்பேறி என்று திட்டிவிட்டேன். “சர்க்கரை மூளையை மழுக்கிடுமா டீச்சர்?” என்று அவன் அம்மா கேட்கிறார். என்ன சொல்ல?

ச.

அன்புள்ள ச.,

என் அக்கா மகனுக்கும் இதேதான். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தான். எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. ஒரே எண்ணை மூன்று தடவை எழுதினான். “என்னடா?” என்றதற்கு எரிந்து விழுந்தான். விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே போனாலே ‘லோ’, அதாவது சர்க்கரை தாழ்ந்த நிலை; இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது வரும். மூளைக்குக் குளுக்கோஸில் கையிருப்பு அநேகமாகக் கிடையாது, ரத்தத்தில் வந்தால்தான் உண்டு. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 90. ஆனாலும் கணக்கு வரவில்லை. மீட்டரில் எண் ஏறிய பிறகும் தலை தெளிய முக்கால் மணி நேரம்கூட ஆகும். உங்கள் பீரியடே முடிந்துவிடும்!

அம்மாவிடம் மழுப்ப வேண்டாம். ஐந்து வயதுக்கு முன் நோய் வந்த பிள்ளைகளிடம் கவனம், நினைவு, வேகம் இவற்றில் சராசரியாகக் கொஞ்சம் குறை தெரிகிறது. அது கூட்டத்தின் சராசரி. உங்கள் பையனின் ஜாதகம் அல்ல.

எனக்குக் கவலை வேறு. லோவுக்குப் பயந்து சர்க்கரையை 250-லேயே ஓட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கா, கனடாவில் 1,144 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2007-இல் வெளியானது. லோவில் நினைவு தப்பியவர்களுக்கும் அதனால் அறிவுத்திறன் சரியவில்லை; சர்க்கரை நெடுநாள் உயர்ந்தே இருந்தவர்களுக்குத்தான் மூளையின் வேகம் சற்றுக் குறைந்தது. ஆய்வில் சேர்ந்தபோது அவர்கள் எல்லோரும் பதின்மூன்று வயதைத் தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் உயர்த்தியே வைத்திருப்பது பாதுகாப்பு இல்லை.

உங்களுக்கு முந்தின பீரியட் பி.டி.யா, பாருங்கள். ஓடியாடினால் சர்க்கரை இறங்கும். பரீட்சைக்கு முன் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். சிபிஎஸ்இ 2017-லேயே இந்தப் பிள்ளைகள் தின்பண்டத்தோடு தேர்வறைக்குள் போக அனுமதித்துவிட்டது; உங்கள் மேஜை டிராயரிலும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். லோ என்று தோன்றினால் ஆபீஸ் ரூமுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், படியில் விழுவான். திட்டியதைப் பற்றியும் அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.